நாத்தியோவைத் தேடி ஐந்து நாட்கள்

முதல் நாள்: ரோம்

காலை எட்டு மணிக்கெல்லாம் காப்பிடோலின் குன்றின் அகலமான படிகளில் ஏறிவிட்டோம். மேலே மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம். நடுவில் குதிரைமேல் பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுஸ். சுற்றுலாக் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. "அக்கா, நீங்க கேட்ட இடம் இதுதான்" என்றான் தம்பி. அவன் இங்கே ஆராய்ச்சி மாணவன். நான் திருச்சியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன்.

போன வருடம் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், ரோமர்கள் ஒரு இனமா, ஒரு நாடா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன், ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஐரோப்பிய மொழிகளில் 'தேசம்' என்பதற்கு வழங்கும் சொல் லத்தீனின் 'நாத்தியோ'விலிருந்து வந்தது. அந்தச் சொல்லைப் பேசிய மக்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இந்தச் சதுக்கம் குன்றின் இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம். ரோமர்கள் இதை 'இரு தோப்புகளுக்கு நடுவே' என்று அழைத்தார்கள். நகரத்தைக் கட்டிய ரோமுலுஸ் ஆள் போதாமல் இங்கே ஒரு அடைக்கல இடம் திறந்தான் என்பது அவர்கள் கதை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அடிமையோ சுதந்திரனோ, வந்தவனையெல்லாம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டான். வரலாற்றாசிரியர் லிவி இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதை நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. தங்கள் தொடக்கத்தைப் பற்றி எந்த மாதிரிக் கதையைச் சொல்லிக்கொள்ள விரும்பினார்கள் என்பதுதான் முக்கியம். நாங்கள் இந்த மண்ணிலிருந்தே முளைத்தவர்கள் என்று ஏதென்ஸ்காரர்கள் பெருமை பேசினார்கள். ரோமர்களோ, மூதாதை ஏனியாஸ் டிராய் நகரிலிருந்து ஓடிவந்தவர், முதல் குடிகள் ஓடிவந்து ஒண்டியவர்கள், மனைவியர் சபைன் இனத்துப் பெண்கள் என்றார்கள். அந்தப் பெண்களைக் கடத்தி வந்தோம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

கி.பி. 48இல் கிளாவுதியுஸ் பேரரசர் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் தலைவர்களை செனட்டில் சேர்க்க வாதாடியபோது இந்தக் கதைகளைத்தான் துணைக்கு அழைத்தார். ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் விழுந்ததற்குக் காரணம், வென்ற மக்களை அந்நியர் என்று ஒதுக்கி வைத்ததுதான். ரோமுலுஸோ காலையில் பகைவராக இருந்தவர்களை அன்று மாலையே குடிமக்கள் ஆக்கினார் என்று அவர் பேசியதாக வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதுகிறார். அந்தப் பேச்சின் வெண்கலப் பொறிப்பு 1528இல் பிரான்ஸின் லியோன் நகரில் கிடைத்தது. கிளாவுதியுஸ் பிறந்ததும் அந்த ஊரில்தான்.

மதியம் ரோமானியத் தளபதி போம்பேயுஸ் கட்டிய நாடக அரங்கம் இருந்த பகுதிக்குப் போனோம். கி.மு. 55இல் திறந்தது. அரங்கம் இன்று இல்லை. ஆனால் அதன் அரைவட்டத்தின்மேல் பிற்காலத்து வீடுகள் எழுந்ததால் தெருவே வளைந்து போகிறது. இங்கே 14 நாத்தியோக்களின் சிலைகள் நின்றன. எல்லாம் போம்பேயுஸ் அடக்கிய மக்கள். தாயைக் கொன்ற பிறகு பேரரசன் நீரோவுக்குக் கெட்ட கனவுகள் வந்தன. அவற்றில் ஒன்றில் இந்தச் சிலைகள் இறங்கி வந்து அவனைச் சூழ்ந்து வழிமறித்தன என்கிறார் சுவெத்தோனியுஸ்.

அந்த 14இல் ரோம் இல்லை. இருக்கவும் முடியாது. நாத்தியோ என்றால் மற்றவர்கள்.

இரண்டாம் நாள்: அர்தேயா

லவுரென்தீனா மெட்ரோ நிலையத்திலிருந்து பேருந்து. தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். அர்தேயா செங்குத்தான எரிமலைக்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். பழைய ருத்துலி மக்களின் தலைநகரம். ஏனியாஸோடு மோதிய துர்னுஸின் ஊர் இதுதான் என்பது புராணம். சுற்றுலாப் பயணி ஒருவரும் கண்ணில் படவில்லை. பாறை விளிம்பில் நின்றால் கடல்வரை வயல்களும் கண்ணாடிக் கூடாரப் பண்ணைகளும் தெரிகின்றன.

நான் வந்தது ஒரு தெய்வத்துக்காக. அவள் பெயர் நாத்தியோ.

கி.மு. 1ஆம் நூற்றாண்டின் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலில் போகிறபோக்கில் ஒரு வரி உண்டு. அர்தேயா நிலத்தில் கோயில் கோயிலாகச் சுற்றி வரும்போது நாத்தியோவுக்கும் படையல் இடுகிறோம், மணமான பெண்களின் பிரசவத்தைக் காப்பதால் அவளுக்கு அந்தப் பெயர் என்கிறார். 'பிறத்தல்' என்ற வினையிலிருந்து வந்த சொல். தேசம் என்ற பெரிய சொல்லின் அடியில் பேறுகாலத் தெய்வம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொரு பொருளும் இருந்தது. பழைய சொற்களைத் தொகுத்த பெஸ்துஸ், கால்நடை நன்றாகக் குட்டி ஈன்றால் அதை 'நல்ல நாத்தியோ' என்பார்கள் என்று குறித்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தாத்தாவின் மாட்டுத் தொழுவம் ஞாபகம் வந்தது. "இது ரெண்டாம் ஈத்துக் கன்னு" என்பார். ஈத்து! நாத்தியோவுக்கு இதைவிடச் சரியான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரே வயிற்றில், ஒரே இடத்தில் பிறந்தவை. அப்புறம் அதே சொல் மனிதர்களுக்கும் ஏறியது: இன்ன இடத்தில், இன்ன வழியில் பிறந்தவர்கள். அதில் சட்டம் இல்லை, ஆட்சி இல்லை, உரிமை இல்லை. பிறப்பு மட்டும்தான்.

இதுவரை அழகாக இருக்கிறது. இதற்கு மேல் இருப்பதைப் பாறை விளிம்பில் உட்கார்ந்து தம்பியிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ரோமில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகளுக்கு ஈடில் என்று பெயர். அடிமை விற்பவர் அந்த அடிமையின் நோய், குறை, ஓடிப்போகும் பழக்கம் எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது அவர்கள் ஆணை. கழுத்தில் அட்டை தொங்கும். அந்த ஆணைக்கு விளக்கம் எழுதிய சட்ட அறிஞர் உல்பியானுஸ், ஒவ்வொருவரின் நாத்தியோவையும் விற்கும்போது அறிவித்தாக வேண்டும் என்கிறார். காரணமும் தருகிறார்: சில நாத்தியோக்கள் நல்லவை, சில மோசமானவை என்று பெயர் எடுத்தவை, எந்த நாத்தியோ என்று தெரிந்தால் வாங்குபவர் வருவார் அல்லது விலகுவார்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி. ஈத்து என்ற பொருள் இங்கே எவ்வளவு கொடூரமாகப் பொருந்துகிறது! சிரியாக்காரன், திரேசியன், கால்காரன் என்பது ஒரு மனிதனின் பெருமை அல்ல, அவன் கழுத்தில் தொங்கிய சரக்குக் குறிப்பு. கி.மு. 56இல் செனட்டில் பேசிய சிசரோ, யூதர்களையும் சிரியர்களையும் 'அடிமைத்தனத்துக்கென்றே பிறந்த நாத்தியோக்கள்' என்றார். பிரசவத் தெய்வத்துக்குப் படையல் இட்டதைப் பதிந்த அதே வாய்.

தேசியத்தின் வரலாறு எழுதுபவர்கள் இந்தச் சந்தையையும் ஒரு அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள்: அர்ப்பீனோ

ரயிலில் ஃப்ரோசினோனே. அங்கிருந்து பேருந்து. வழியில் இசோலா தெல் லீரி என்ற ஊரில் இறங்கினோம். ஊருக்கு நடுவிலேயே பெரிய அருவி விழுகிறது, சுற்றிலும் கடைகளும் வீடுகளும். பிறகு சோரா பக்கம் சான் தொமேனிக்கோ மடாலயம். ஃபிப்ரேனோ என்ற குளிர்ந்த சிற்றாறு லீரி ஆற்றில் கலக்கும் இடம். சிசரோவின் குடும்ப வீடு இருந்த மண்ணில்தான் மடாலயம் எழுந்தது என்பது ஊர் மரபு. தண்ணீரில் கையை விட்டேன். மே மாதம்தான், ஆனாலும் விரல் மரத்துப்போனது. அந்தக் குளிர்ச்சியை சிசரோவே குறிப்பிட்டிருக்கிறார்.

சட்டங்களைப் பற்றிய அவர் நூலில் இந்த ஆற்றுத் தீவில் அவரும் நண்பர் அத்திக்குஸும் பேசிக்கொண்டிருப்பார்கள். இதுதான் என் உண்மையான பாத்ரியா, என் தகப்பன் மண் என்கிறார் சிசரோ. அத்திக்குஸ் விழிக்கிறார்: அப்படியானால் உங்களுக்கு இரண்டு தாய்நாடா? ரோம்தானே எல்லாருக்கும் பொதுவான நாடு? ஆமாம், ஊர்ப்புறத்திலிருந்து வந்த எல்லாருக்கும் இரண்டு உண்டு என்கிறார் சிசரோ. ஒன்று பிறப்பால் வந்தது, ஒன்று குடியுரிமையால் வந்தது. உயிரைக் கொடுக்க வேண்டியது இரண்டாவதற்கு. ஆனால் முதலாவதும் கிட்டத்தட்ட அதே அளவு இனியது.

சென்னையில் முப்பது வருடம் இருந்தவரிடம்கூட "உங்களுக்கு எந்த ஊர்?" என்று நாம் கேட்போம், அவரும் யோசிக்காமல் செங்கோட்டை என்பார். அந்தக் கேள்வி தெரிந்த யாருக்கும் சிசரோ சொல்வது உடனே பிடிபடும்.

அர்ப்பீனம் ரோமின் பகுதியாகவே பிறந்த ஊர் இல்லை. கி.மு. 303இல் ஓட்டில்லாத குடியுரிமை கிடைத்தது. ஓட்டோடு கூடியது கி.மு. 188இல்தான். நூற்றுப் பதினைந்து வருடம் வரி கட்டி, படைக்குப் போய், ஓட்டில்லாமல் காத்திருந்த ஊர். இங்கிருந்துதான் ஏழு முறை கான்சல், அதாவது ரோமின் உச்ச ஆட்சியாளர், ஆன மாரியுஸ் வந்தார், சிசரோவும் வந்தார். சிசரோ கான்சலாக இருந்த கி.மு. 63இல், பரம்பரைப் பிரபுவான கத்திலீனா அவரைச் செனட்டில் வைத்து 'இன்குயிலீனுஸ்' என்று இகழ்ந்தான். வாடகைக்கு இருப்பவன். ஊருக்குக் குடியுரிமை வந்து ஒன்றேகால் நூற்றாண்டு ஆகியும் குடக்கூலிக்காரன் என்ற பெயர் போகவில்லை.

அந்தச் சொல் சுட்டிருக்கும். சுட்டும்கூட, ஏழு வருடம் கழித்து அவரே சிரியர்களைப் பற்றி அப்படிப் பேசினார். நேற்றிலிருந்து இது எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

மேலே மலையில் சிவித்தாவெக்கியா என்ற பகுதியில் ராட்சதக் கற்களை ஒட்டுச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில் இருக்கிறது. அதில் கூம்பிய உச்சியோடு ஒரு வாசல். ரோம் இந்த மலைக்கு வருவதற்கு முன்பே நின்ற வாசல். அதன் கீழே உட்கார்ந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம்.

சிசரோ குடியரசைப் பற்றி எழுதும்போது 'பொப்புலுஸ்' என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்கிறார். எப்படியோ திரண்ட கும்பல் பொப்புலுஸ் ஆகாது. நீதியைப் பற்றிய உடன்பாட்டாலும் பொது நன்மையாலும் இணைந்த கூட்டமே பொப்புலுஸ் என்பது அவர் கருத்து. ரத்தம், மொழி, நிறம் எதுவும் அந்த இலக்கணத்தில் இல்லை. ரோமர்கள் தங்களை அழைத்துக்கொண்ட சொல் இதுதான்: பொப்புலுஸ் ரொமானுஸ். பிறந்ததால் மட்டும் அல்ல, சேர்ந்ததாலும் ஆகக்கூடிய குடி. என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலின் முதல் பாதி இதுதான்.

நான்காம் நாள்: சுல்மோனா, கொர்ஃபீனியோ

அந்தக் குடியில் சேர்க்க மறுத்தபோது என்ன ஆனது என்பதைப் பார்க்க அப்பென்னின் மலைகளுக்கு நடுவே வந்திருக்கிறோம். ரோமிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சுல்மோனா முழுக்க நான்கு எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். 'சுல்மோ என் தாய்நாடு' என்ற ஓவிடின் வரியின் முதலெழுத்துகள். கி.மு. 43இல் இங்கே பிறந்த கவிஞர், ரோமை விட்டுத் துரத்தப்பட்டுக் கருங்கடல் கரையில் இருந்தபோது எழுதிய வரி. கடைகளில் சர்க்கரை பூசிய பாதாமைப் பூங்கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன்.

கொர்ஃபீனியோ பக்கத்தில்தான். இன்று அது ஒரு கிராமம். சான் பெலீனோ பேராலயம் தனியாக நிற்கிறது. அருகே மேல்கற்கள் உரிக்கப்பட்ட இரண்டு ரோமானியக் கல்லறைக் கோபுரங்கள். காற்று மட்டும்தான். இந்த இடம் கி.மு. 90இல் ஒரு தலைநகரம். பெயரைக்கூட 'இத்தாலிக்கா' என்று மாற்றினார்கள்.

ரோமின் போர்களில் பாதிப் படை, சில சமயம் அதற்கும் மேல், இத்தாலிய நேச ஊர்களிலிருந்து போனது. மார்சி, பெலிக்னி, சம்னைட் என்று மலை மக்கள். செத்தார்கள், உலகத்தை வென்று கொடுத்தார்கள். ஆனால் ஓட்டு இல்லை, ரோமானிய அதிகாரியின் பிரம்புக்கு எதிராகப் பாதுகாப்பும் இல்லை. கான்சல் ஒருவரின் மனைவி ஆண்கள் குளியலறையில் குளிக்க விரும்பினாள். சீக்கிரம் காலி செய்யவில்லை, சுத்தமாகவும் இல்லை என்று அந்த ஊரின் பெரிய மனிதரை நடுச்சதுக்கத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். மக்கள் தலைவர் காயுஸ் கிராக்குஸ் இதை ரோமின் மக்கள் முன் எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் மாறவில்லை.

கி.மு. 91இல் திரூசுஸ் என்ற தலைவர் நேச மக்களுக்குக் குடியுரிமை கேட்டார். மார்சிகளின் தலைவன் பொப்பேதியுஸ் சீலோ அவர் வீட்டில் விருந்தாளி. வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் விளையாட்டாக, "உங்க மாமாகிட்ட எங்களுக்காகச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான். எல்லாம் தலையாட்டின. ஒரு பிள்ளை மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது. சீலோ அவனைத் தூக்கி சன்னலுக்கு வெளியே பிடித்து, சரின்னு சொல்லு, இல்லேன்னா போட்டுவிடுவேன் என்று மிரட்டினான். அப்போதும் வாய் திறக்கவில்லை. பிற்காலத்தில் சீசரை எதிர்த்து நின்ற கேட்டோதான் அந்தப் பிள்ளை. திரூசுஸ் அவனுக்குத் தாய்மாமன். புளுத்தார்க் சொல்லும் கதை. நடந்ததோ இல்லையோ, ரோமின் மேல்குடி எவ்வளவு இறுகிப் போயிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல படம் இல்லை.

அந்த வருடமே திரூசுஸை வீட்டில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். போர் வெடித்தது.

இங்கே, நான் நிற்கும் இந்த மேட்டில், 500 பேர் கொண்ட செனட், இரண்டு கான்சல்கள், அவர்களுக்கு அடுத்த நிலை அதிகாரிகளான பன்னிரண்டு பிரைத்தர்கள். ரோமின் அச்சு அசல். சொந்த நாணயமும் அடித்தார்கள். சிலவற்றில் லத்தீனில் 'இத்தாலியா', சிலவற்றில் அவர்களுடைய ஆஸ்கன் மொழியில் 'விதேலியு'. கன்றுக்குட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து இத்தாலி என்ற பெயர் வந்தது என்று பழங்காலத்தார் நம்பினார்கள். நாணயத்தில் ஒரு காளை ரோமின் ஓநாயைக் கொம்பால் குத்திக் கீழே தள்ளுகிறது. இன்னொன்றில் வீரர்கள் ஒரு பன்றிக்குட்டியை நோக்கி வாளை நீட்டிச் சத்தியம் செய்கிறார்கள்.

பதினேழு வயதில் இந்தப் போரில் சிப்பாயாக இருந்த சிசரோ, இரு முகாம்களுக்கும் நடுவே நடந்த ஒரு பேச்சுவார்த்தையைக் கண்ணால் பார்த்தவர். மார்சித் தளபதி ஸ்காட்டோவும் ரோமானியக் கான்சலின் அண்ணன் தம்பிகளில் ஒருவரும் எதிரெதிரே. "உங்களை என்னவென்று அழைப்பது?" என்று ஒருவர் கேட்க, "மனத்தால் விருந்தாளி, நிலைமையால் பகைவன்" என்றார் மற்றவர். அவர்கள் நம் குடியுரிமையைப் பறிக்க வரவில்லை, அதற்குள் தங்களைச் சேர்க்கச் சொல்லித்தான் வந்தார்கள் என்று முதுமையில் சிசரோ நினைவுகூர்ந்தார்.

பாதி உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. ஓநாயைக் குத்தும் காளை உள்ளே வரக் கதவைத் தட்டவில்லை. மறுபடி மறுபடி மறுக்கப்பட்டவர்கள், உன் வீடே வேண்டாம், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று எழுந்ததன் அடையாளம் அது. பல மொழி, பல குலம், ஆனால் ஒரே பெயர், ஒரே சத்தியம். இன்றைக்கு நாம் தேசம் என்று சொல்வதற்கு மிக நெருக்கமாகப் பழைய இத்தாலியில் எழுந்த ஒன்று இந்த மேட்டில்தான் இருந்தது. சில வருடங்களே உயிரோடிருந்தது.

ரோம் படையால் மட்டும் ஜெயிக்கவில்லை. கி.மு. 90, 89 சட்டங்களால் குடியுரிமையைத் திறந்துவிட்டது. முன்பே கொடுத்திருந்தால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தியிருக்க வேண்டாம். இத்தாலியின் இளைஞர்கள் 3,00,000 பேர் மாண்டதாக வரலாற்றாசிரியர் வெல்லேயுஸ் எழுதினார். போருக்கு முன் கி.மு. 115 கணக்கெடுப்பில் குடிமக்கள் 3,94,336. கி.மு. 70இல் 9,10,000.

ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ஓவிட் தன் பெலிக்னி மக்களைப் பற்றி எழுதினார்: சுதந்திரம் அவர்களை நேர்மையான ஆயுதம் ஏந்தவைத்தது, அப்போது ரோம் நடுங்கியது. ரோமின் செல்லக் கவிஞர், ரோமை நடுங்கவைத்த தன் ஊர்க்காரர்களைப் பற்றி, லத்தீனில். கடைசிப் பேருந்துக்கு நேரமாகும்வரை அந்தக் கல்லறைக் கோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள்: மறுபடி ரோம்

இரவு விமானம். அதனால் தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே தியோக்ளேசியன் குளியல்மனை அருங்காட்சியகம் மட்டும். கல்வெட்டுகள் நிறைந்த இடம்.

ரோமில் பணிபுரிந்த வெளிநாட்டுச் சிப்பாய்களின் கல்லறைக் கற்களில் ஒரு வாய்பாடு உண்டு: பெயர், எத்தனை வயது வாழ்ந்தார், எத்தனை வருடம் பணி, நடுவில் 'நாத்தியோனே' என்று தொடங்கி ஒரு சொல். பிறப்பால் பத்தாவியன் (இன்றைய நெதர்லாந்துப் பகுதி). பிறப்பால் திரேசியன். பிறப்பால் எகிப்தியன். சந்தையில் கழுத்தட்டையில் எழுதிய அதே சொல்தான். ஆனால் இங்கே எழுதச் சொன்னது விற்பவர் இல்லை. நண்பன், மனைவி, கூடப் பணிபுரிந்தவன். 'இவன் எங்கிருந்து வந்தான் தெரியுமா' என்று வழிப்போக்கனிடம் சொல்லும் குரல். அர்தேயாவில் கசந்த சொல் இங்கே கொஞ்சம் ஆறியது.

எகிப்திலிருந்து இத்தாலியின் மிசேனும் துறைமுகத்துக் கடற்படைக்கு வந்த அப்பியோன் என்ற பையன் அப்பாவுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. பத்திரமாக வந்து சேர்ந்தேன், வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கிடைத்தது, என் படத்தை அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு, கடைசியில், இனி என் பெயர் அந்தோனியுஸ் மாக்சிமுஸ் என்கிறான். கடற்படையில் 26 வருடம் தாக்குப்பிடித்தால் குடியுரிமை, வெண்கலத் தகட்டில் பொறித்து. பெயர் முதலிலேயே மாறிவிட்டது.

கி.பி. 212இல் பேரரசன் கராகல்லா, தன் ஆட்சிக்குட்பட்ட சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே ஆணையில் குடியுரிமை கொடுத்தான். வரி வசூலைக் கூட்டத்தான் என்று அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் தீயோ காசியுஸ் எழுதினார். சிரியாவிலும் எகிப்திலும் திடீரென்று ஊர் முழுக்க, அவன் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்ட அவுரேலியுஸ்கள். ஆனால் அடிமைச் சந்தை மூடவில்லை.

தம்பி போன வருடம் இங்கிலாந்து போயிருந்தபோது எடுத்த ஒரு படத்தை விமான நிலையத்தில் காட்டினான். ஹேட்ரியன் சுவரின் கிழக்கு முனைக்கு அருகே சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊரில் கிடைத்த கல்லறைக் கல். பிரம்பு நாற்காலியில் ஒரு பெண், மடியில் தக்களி, ஒரு பக்கம் கம்பளி நூல் கூடை, மறுபக்கம் நகைப்பெட்டி. பெயர் ரெஜினா. நாத்தியோனே காத்துவெல்லவுனா, அதாவது தென்கிழக்கு பிரிட்டனின் ஒரு குலத்தில் பிறந்தவள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். முப்பது வயதில் இறந்தாள். கல்லை வைத்தவன் அவளை விடுவித்து மணந்த பாராத்தேஸ், சிரியாவின் பால்மைராக்காரன்.

மேலே லத்தீன். அதில் எல்லாம் முறைப்படி இருக்கிறது: பெயர், நாத்தியோ, வயது. அதன் கீழே பால்மைரா எழுத்தில், அவன் பிறந்த மொழியில், ஒரே ஒரு வரி. "ரெஜினா, பாராத்தேஸ் விடுவித்தவள், ஐயோ."

விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.